பூட்டுக்கு முன் பயிற்சி!

பூண்டிக்குப் பேசப் போனேன். பேசி முடித்து இறங்கிய பிறகு, ஒரு தொழிலாளி கேட்ட கேள்வி என் பேச்சையே சிறிதாக்கிவிட்டது.

பூண்டி என்றால், திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையிலே உள்ள திருமுருகன்பூண்டி. ஒருபுறம் உளியோசை, மறுபுறம் தையல் எந்திர ஓசை. கல்லிலே கடவுளைச் செதுக்கும் கை ஒருபுறம். கடல் கடந்த சீமான் உடுத்தும் பனியனைத் தைக்கும் கை மறுபுறம். 2021-இல் பேரூராட்சியாக இருந்த ஊர் நகராட்சியாயிற்று.

அந்த ஊர்க் கோயிலுக்கு ஒரு கதை உண்டு. சேரமான் பெருமாள் தந்த பொன்னோடு சுந்தரர் அவ்வழியே வந்தாராம். சிவனாரின் பூதகணங்கள் வேடுவர் வேடத்திலே வழிமறித்துப் பறித்துக் கொண்டனவாம். சுந்தரர் பாடினாராம்; போன பொன் திரும்பி வந்ததாம். இன்றும் வேடுபறி விழா எடுக்கிறார்கள். ஆண்டவனே ஆளனுப்பிக் கொள்ளையடிப்பதா என்று கேட்டால் பக்தர்கள் கோபிப்பார்கள். அந்த வழக்கை இன்று நான் எடுக்கவில்லை. ஆனால் கதையிலே ஒரு செய்தி இருக்கிறது: பொன் இருக்குமிடத்துக்கு ஆயுதம் வந்து சேரும். அன்று பறிக்க வந்தது. இன்று காக்க வருகிறது. காக்க வந்த ஆயுதம் இரவிலே எங்கே உறங்குகிறது? பொன் உள்ளவன் மாளிகையிலா? இல்லை, தோழர்களே! பல நேரங்களில் கூலிக்காரன் வீட்டுச் சுவரிலே!

கூட்டம் கலைந்து கொண்டிருந்தது. ஓவர்லாக் டெய்லர் ஒருவர், முப்பத்தைந்து வயதிருக்கும், ஒதுங்கி நின்றவர் அருகே வந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேட்கோணும்ங்க. தப்பா நினைக்கப்படாது."

"கேளப்பா."

"எங்க அண்ணன் பட்டாளத்துல இருந்து வந்தவருங்க. இப்பக் காவல் வேலை. லைசென்சு துப்பாக்கி வச்சிருக்காருங்க. நாங்க எல்லாம் ஒரே வீடு. போன லீவுல எம்பட பையன் அதைத் தூக்கித் தங்கச்சி நெஞ்சுக்கு நேரா நீட்டிட்டானுங்க. சினிமா பார்த்த ஞாபகம். உள்ள தோட்டா இல்லீங்க. அதனாலதான் இன்னிக்கு உங்க முன்னால நின்னு பேசறேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவரே தொடர்ந்தார்.

"அண்ணனுக்குத் துப்பாக்கி தெரியுமுங்க. எம் பொண்டாட்டிக்கு? பசங்களுக்கு? எங்க போய்க் கத்துக்கறது? ஒரு இடத்துல விசாரிச்சேன். வீட்டுல எல்லாத்துக்கும் சேர்த்தா, ஒன்றரை ஷிப்ட்டு ஓட்டினாலும் மூணு மாசக் கூலி ஆகுமுங்க."

இதுதான் கேள்வி. உயிர் காக்கும் பயிற்சிக்கு மூன்று மாதக் கூலி! பணம் படைத்தவன் பொழுதுபோக்காகப் பெறுவதை, பாட்டாளி தன் குழந்தையின் உயிருக்காகப் பெற முடியவில்லை.

"தொழிலாளி வீட்டுக்குத் துப்பாக்கி எதற்கு?" என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். வேட்டைக்கா? வீம்புக்கா? வயிற்றுக்கு, ஐயா! வங்கி வாசலிலே, நகைக்கடை வாசலிலே, பணம் ஏற்றிச் செல்லும் வண்டியிலே, இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தோளிலே மாட்டி நிற்கிறானே, அவன் யார்? பெரும்பாலும் பட்டாளத்திலே பணியாற்றித் திரும்பிய பாட்டாளி. அவன் காக்கும் பொன் மற்றவருடையது. அவன் வீட்டுக்குள் நுழையும் ஆபத்து அவனுடையது. காட்டுப்பன்றி வந்து கடலையைத் தோண்டுகிறதே என்று உரிமம் வாங்கி வைத்திருக்கும் குடியானவனும் உண்டு. தேர்தல் வந்தால் அவன் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலே ஒப்படைக்கச் சொல்கிறார்கள். வாக்குச்சீட்டுக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு, வரவேற்கிறோம். அடுத்த தேர்தல் வரை அந்தத் துப்பாக்கி தொங்கும் வீட்டிலே தவழும் குழந்தைக்கு என்ன ஏற்பாடு?

சட்டம் என்ன சொல்கிறது, பார்ப்போம்.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 21 வயது நிரம்பாதவனுக்குத் துப்பாக்கி உரிமம் இல்லை என்கிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமம் கேட்பவன் ஆயுதத்தைப் பத்திரமாகக் கையாளவும், பேணவும், வைக்கவும், எடுத்துச் செல்லவும் பயிற்சி பெற்றதற்குச் சான்று கேட்கின்றன. 2019-இல் வந்த திருத்தம், ஒருவன் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்ததை இரண்டாகக் குறைத்தது. உரிமத்தின் காலத்தை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டியது. கல்யாணம், கொண்டாட்டம் என்று வானத்தைப் பார்த்துச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்றது.

நல்ல சட்டம்தான். ஆனால் யாருக்குப் பயிற்சி? உரிமம் உள்ளவனுக்கு! துப்பாக்கி இருப்பது அவன் ஒருவன் வாழும் வீட்டிலா? அவன் வேலை முடிந்து களைத்துத் தூங்கும்போது, அலமாரியைத் துடைப்பவள் மனைவி. நாற்காலியைப் போட்டு ஏறுபவன் மகன். உரிமத்திலே ஒரு பெயர். ஆபத்திலே ஐந்து பெயர்! ஐந்து பேருக்கு வரும் ஆபத்துக்கு ஒருவனுக்கு மட்டும் பாடம் சொல்லி முடித்துக் கொண்டது சட்டம்.

பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே தவறு நேர்ந்தால் என்னவாகும் என்பதை நார்த்தாமலை சொல்லும். 2021 டிசம்பர் 30. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, காவல்துறையின் சுடுதளத்திலே மத்திய தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சி செய்து கொண்டிருந்தனர். குறிப்பலகையிலே பாய வேண்டிய குண்டு ஊருக்குள்ளே பாய்ந்தது. தாத்தா வீட்டிலே இருந்த 11 வயதுப் பாலகனின் தலையிலே தைத்தது. தஞ்சை மருத்துவமனையிலே மருத்துவர்கள் போராடினார்கள். 2022 ஜனவரி 3 அன்று அவன் மறைந்தான். பத்து லட்சம் ரூபாய் நிதி அறிவிக்கப்பட்டது. பத்துக் கோடி கொடுத்தாலும், அந்தப் பிள்ளை மறுபடி பள்ளிக்கூடம் போகுமா?

சுட்டவர்களுக்குச் சுடத் தெரியாதா? தெரியும். ஆனால் இலக்குக்கு அப்பால் ஊர் இருந்தது. அந்த ஒன்று போதும், ஒரு குடும்பம் இருளடைய. கூடத்துப் பயிற்சிக்கு ஏற்ற சின்னத் துப்பாக்கி என்று நினைக்கிறோமே, அந்தப் புள்ளி 22 ரகத்தின் குண்டே ஒன்றரை மைல் வரை பறக்கக் கூடியது. பூண்டிக் கோயிலருகே விட்ட குண்டு, எந்தக் கம்பெனி வாசலைத் தட்டும் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே பாதுகாப்பின் பாடம் நான்கே வரி. ஒன்று: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியது என்றே எண்ணு. "காலிதான்" என்று சொன்னவன் பேச்சை நம்பாதே. சொன்னவன் உன் அப்பனாக இருந்தாலும்! இரண்டு: எதைச் சிதைக்கத் துணிவில்லையோ, அதை நோக்கிக் குழலைத் திருப்பாதே. மூன்று: சுடும் கணம் வரை விசையிலே விரல் வைக்காதே. நான்கு: இலக்கு எது, இலக்குக்கு அப்பால் எது என்று அறியாமல் சுடாதே. நார்த்தாமலைப் பாலகன் நான்காவது வரிக்குப் பலியானவன். பூண்டித் தோழரின் மகள் முதல் இரண்டு வரிகளிலே தப்பிப் பிழைத்தவள்.

குழந்தைகளுக்கோ இன்னும் எளிய பாடம்: நில்; தொடாதே; விலகி ஓடு; பெரியவரிடம் சொல். அமெரிக்காவிலே 1988 முதல் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அங்கேயே ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. வாயால் ஒப்பித்த பிள்ளைகளிலே பலர், எதிரே துப்பாக்கி கிடந்தபோது ஒப்பித்தபடி நடக்கவில்லை. செய்து காட்டி, செய்ய வைத்துப் பழக்கிய பிள்ளைகளே சிறப்பாக நடந்து கொண்டார்கள். மனப்பாடம் மட்டும் உயிரைக் காக்காது, பழக்கம் காக்கும். அதனால்தான் பயிற்சி என்கிறோம், பிரசங்கம் என்று சொல்லவில்லை.

சுவிட்சர்லாந்திலே படைச்சேவையில் உள்ளவன் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக் கொள்ளலாம். அப்படிப்பட்ட நாடே 2007-இல், அந்தத் துப்பாக்கிக்கான தோட்டாவை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை நிறுத்த முடிவு செய்தது. துப்பாக்கி வேறிடம், தோட்டா வேறிடம். இந்த அறிவுக்குக் காசு செலவா? ஒரு பூட்டின் விலை!

சரி, பயிற்சி எங்கே கிடைக்கிறது? ரைபிள் சங்கங்கள் இருக்கின்றன. உறுப்பினர் கட்டணம், தோட்டாச் செலவு, போக்குவரத்து, ஒரு நாள் கூலி இழப்பு. பந்தயத்துக்கான ஏர் ரைபிள் ஒன்றின் விலையே லட்சத்தைத் தாண்டும். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலே துப்பாக்கி ஏந்தி இந்தியாவுக்காக நின்றார். வாழ்த்துகிறோம், குறை சொல்லவில்லை. ஆனால் அதே புதுக்கோட்டை மண்ணிலே, ஓர் ஏழைப் பாலகனுக்குத் துப்பாக்கியோடு ஏற்பட்ட ஒரே அறிமுகம் எது என்பதையும் எண்ணிப் பார்க்கிறோம்.

அரசு மனம் வைத்தால் ஆகாதா? அதே பாரிஸிலே வெண்கலம் வென்றவர் சுவப்னில் குசாலே. கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்து ஆசிரியரின் மகன். மராட்டிய அரசின் விளையாட்டுப் பயிற்சித் திட்டம் எடுத்து வளர்த்தது. ரயில்வே வேலை கொடுத்தது. அரசு கை கொடுத்தால் ஆசிரியர் மகன் பதக்கம் வாங்குகிறான். நாம் பதக்கம் கேட்கவில்லை. பிள்ளையின் உயிர் கேட்கிறோம்.

நம்மிடமும் தேசிய மாணவர் படை இருக்கிறது. 1948-இல் சட்டம் இயற்றித் தொடங்கியது. மறு ஆண்டே பெண்களுக்கும் பிரிவு வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளை கட்டணமின்றித் துப்பாக்கியைப் பற்றி முறையாக அறிய இருக்கும் வாசல் அதுதான். அந்த வாசலிலே நம் இயக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1968 ஜனவரி 23 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றிய அதே தீர்மானத்திலே, மாணவர் படையின் கட்டளைச் சொற்கள் இந்தியிலே இருக்கலாகாது என்றும் முழங்கியது. ஏன்? "நில்" என்ற சொல் நெஞ்சுக்குப் புரிவதற்கு முன், கால் நின்றாக வேண்டும். அதற்குத் தாய்மொழி வேண்டும். ஆபத்தைத் தாய்மொழியிலே சொல்லாதவன், ஆபத்தைச் சொல்லாதவனே!

இன்று திருப்பூரிலே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தோழர்கள் நம்மோடு ஒரே மேசையிலே வேலை செய்கிறார்கள். காவல் வேலைக்கும் போகிறார்கள். அவர்களுக்கு அவரவர் மொழியிலே சொல்லுங்கள். நாம் எதிர்த்தது திணிப்பை. எவன் தாய்மொழியையும் அல்ல.

"ஓகோ! துப்பாக்கிக் கலாச்சாரத்தை வளர்க்கப் பார்க்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. 1932 ஜனவரியிலே இதே திருப்பூரிலே குமரன் தடியடி பட்டு வீழ்ந்தபோது, கையிலே இருந்தது கொடி. நம் கையிலே இருந்ததும் பேனா, மேடை, வாக்குச்சீட்டு. வேறு ஆயுதம் நமக்கு வேண்டாம். வீட்டுக்கு வீடு துப்பாக்கி கேட்கவில்லை நாம். துப்பாக்கி இருக்கும் வீட்டிலே, ஆளுக்கு ஆள் எச்சரிக்கை கேட்கிறோம். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று பிள்ளைக்குச் சொல்லும் தாய், மின்வாரியத்துக்கு விளம்பரமா செய்கிறாள்? பிள்ளையைக் காக்கிறாள்! அவிநாசித் தேரின்போது பலூன் சுடும் கடையிலே காசு கொடுத்தால், குழந்தை கையிலே துப்பாக்கியைக் கொடுத்து "சுடு தம்பி" என்கிறார்கள். சுடுவதற்குச் சொல்லித் தர ஆள் இருக்கிறது. தொடாமலிருக்கச் சொல்லித் தர ஆள் இல்லை. அந்த ஆளைத்தான் கேட்கிறோம்.

கேட்பது நான்கே. முதலாவது, மாவட்ட ஆயுதப்படைக் காவலர்களைக் கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளிலே அரை நாள் பயிற்சி, கட்டணமின்றி, நகராட்சிப் பள்ளிகளிலே. சுடப் பழக்க வேண்டாம். காக்கப் பழக்கினால் போதும். கணவன், மனைவி, பிள்ளைகள், பாட்டி எல்லோரும் வரட்டும். இரண்டாவது, 5 ஆண்டுக்கு ஒரு முறை உரிமம் புதுப்பிக்கும்போது, அந்த வீட்டிலே உள்ள வயது வந்தவர்களும் அப்பயிற்சி பெற்றார்களா என்று பார்க்கட்டும். மூன்றாவது, துப்பாக்கியோடு ஆள் கேட்கும் முதலாளி, பூட்டுள்ள இரும்புப் பெட்டியையும் தன் செலவிலே தரட்டும். பொன்னுக்குப் பெட்டகம் வைத்தவருக்கு, அதைக் காப்பவன் பிள்ளைக்கு ஒரு பெட்டி வைக்க முடியாதா? நான்காவது, சுடுதளங்களுக்கு அருகே உள்ள ஊர்களிலே, தடுப்புச் சுவரும் முன்னறிவிப்பும் சரியாக உள்ளனவா என்று பார்த்த பிறகே பயிற்சி நடக்கட்டும்.

அரசுக்குக் கோரிக்கை வைத்துவிட்டு நாம் சும்மா இருப்பதா? கிளைக் கழகத் தோழர்களே! உங்கள் படிப்பகத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் கொடுங்கள். ஓய்வு பெற்ற படைவீரர் உங்கள் தெருவிலேயே இருப்பார். அழைத்து அமர்த்துங்கள். அந்த நான்கு வரியைச் சுவரிலே எழுதுங்கள். பிள்ளைகளை நடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பூண்டித் தோழருக்கு அன்றிரவே ஒன்று சொன்னேன். "இன்று வீட்டுக்குப் போனதும், அண்ணனைக் கொண்டே தோட்டா இல்லையென்று உறுதி செய்து கொள். துப்பாக்கி ஒரு பெட்டியில். தோட்டா இன்னொரு பெட்டியில். சாவி அண்ணன் இடுப்பில். நாளைக் காலையிலே பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசு. அடிக்காதே, பேசு."

"பேசறேனுங்க. ஆனா எனக்கே யாராச்சும் முறையாச் சொல்லிக் குடுத்தா நல்லாயிருக்குமுங்க" என்றார்.

சனிக்கிழமை தோறும் கூலி வாங்கி, அதிலே வரியும் கட்டி, நாட்டுக்கு அன்னியச் செலாவணி தேடித் தரும் ஒரு டெய்லர் கேட்பது அவ்வளவுதான். அரை நாள் பாடம்! அதைக் கொடுக்க முடியாத அளவுக்கா ஏழையாகிவிட்டது நாடு?