வங்கி ஏலத்தில் வீடு வாங்கலாமா? 'கம்மி விலை'க்குப் பின்னால் இருக்கும் சிக்கல்கள் என்னென்ன?

நாளிதழ்களில் பொடி எழுத்தில் வரும் 'அசையா சொத்து ஏல விற்பனை அறிவிப்பு' விளம்பரங்களைப் பலரும் கடந்து போயிருப்போம். மார்க்கெட் விலையைவிடக் குறைவான தொகையில் வீடு, மனை, கடை என்று அதில் வரிசையாக இருக்கும். "பேங்க்கே விக்குது, அப்போ டாக்குமெண்ட் எல்லாம் கிளியரா தானே இருக்கும்" என்ற நம்பிக்கையில் சேமிப்பு மொத்தத்தையும் கட்டிவிட்டு, பின்னர் கோர்ட் வாசலில் நிற்பவர்களும் உண்டு.

வங்கி ஏலம் எப்படி நடக்கிறது? பணம் கட்டும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

வீடு எப்படி ஏலத்துக்கு வருகிறது?

கடன் தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால், அந்தக் கணக்கை வாராக்கடனாக வங்கி வகைப்படுத்தும். அதன்பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி நடவடிக்கை தொடங்கும். கோர்ட்டுக்குப் போகாமலேயே அடமானச் சொத்தை விற்றுக் கடனை வசூலிக்க வங்கிகளுக்கு இந்தச் சட்டம் அதிகாரம் தருகிறது.

முதலில் பிரிவு 13(2)இன்படி கடன்தாரருக்கு 60 நாள் அவகாசம் தந்து நோட்டீஸ் அனுப்பப்படும். பணம் கட்டவில்லை என்றால் பிரிவு 13(4)இன்படி சொத்தை வங்கி தன் சுவாதீனத்தில் எடுக்கும். அடுத்து மதிப்பீட்டாளரை வைத்து விலை கணக்கிட்டு, 'ரிசர்வ் பிரைஸ்' எனப்படும் குறைந்தபட்ச விலையை நிர்ணயிப்பார்கள். கடன்தாரருக்குத் தனியாக 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். பொது ஏலம் என்றால் 2 நாளிதழ்களில் விளம்பரம் வர வேண்டும். அதில் ஒன்று அந்தப் பகுதி மொழியில் இருக்க வேண்டும்.

இந்தப் படிகளில் ஒன்றை வங்கி சரியாகச் செய்யாவிட்டாலும், ஏலம் எடுத்தவருக்குத்தான் பின்னால் தலைவலி.

எவ்வளவு பணம், எப்போது கட்டணும்?

பொதுத்துறை வங்கிகள் ஏலம் விடும் சொத்துகளை 'பேங்க்நெட்' இணையதளத்தில் மாவட்ட வாரியாகத் தேடலாம். ஏலத்தில் கலந்துகொள்ள, இஎம்டி எனப்படும் முன்பணத்தை முதலில் கட்ட வேண்டும். பெரும்பாலும் இது ரிசர்வ் பிரைஸில் 10 சதவீதமாக இருக்கும்.

உதாரணத்துக்கு, ஒரு வீட்டின் ரிசர்வ் பிரைஸ் 40 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 4 லட்சம் கட்டியாச்சு. ஏலத்தில் போட்டி ஏறி 45 லட்சத்துக்கு முடிகிறது.

* ஏலத் தொகையில் 25 சதவீதம், அதாவது 11.25 லட்சம் ரூபாயை அன்றே அல்லது அடுத்த வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். முன்பணம் 4 லட்சம் போக, 7.25 லட்சம் கையில் தயாராக இருக்கணும்.
* மீதி 33.75 லட்சத்தை, விற்பனை உறுதி செய்யப்பட்ட 15ஆம் நாளுக்குள் கட்ட வேண்டும். எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்டால் இந்த அவகாசத்தை நீட்டிக்கலாம். ஆனால் அதிகபட்சம் 3 மாதம்தான்.
* விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீத டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டிய பொறுப்பும் வாங்குபவருடையது.

"ஜெயிச்ச பிறகு லோன் போட்டுக்கலாம்" என்று இருப்பதுதான் இதில் பெரிய ரிஸ்க். 15 நாளில் வீட்டுக்கடன் கைக்கு வருவது கஷ்டம். வில்லங்கம் இருக்கும் சொத்து என்றால் கடன் தரவே வங்கிகள் யோசிக்கும்.

பாக்கியைக் கட்டவில்லை என்றால்?

கட்டிய 25 சதவீதம் மொத்தமாகப் போய்விடும். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அந்த வழக்கில் 12.27 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தவர், மீதிப் பணத்தைக் குறித்த காலத்தில் திரட்ட முடியவில்லை. அவர் கட்டிய சுமார் 3.06 கோடி ரூபாயை வங்கி பறிமுதல் செய்தது. பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், வங்கி செய்தது சரியே என்று தீர்ப்பளித்தது.

'உள்ளது உள்ளபடி' என்றால் என்ன?

ஏல விளம்பரத்தில் 'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்' என்ற வரி இருக்கும். விரிசல் விட்ட சுவர், அனுமதி இல்லாத மாடி, சொத்து வரி பாக்கி, அபார்ட்மெண்ட் பராமரிப்பு பாக்கி என எது இருந்தாலும் அது வாங்குபவர் தலையில் விழலாம்.

முந்தைய உரிமையாளரின் மின் கட்டண பாக்கி தொடர்பாக 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. விதிகள் அனுமதித்தால், பழைய பாக்கியைக் கட்டினால்தான் புதிய இணைப்பு என்று மின்வாரியம் நிபந்தனை போடலாம் என்பதே அதன் சாரம். குறிப்பாக, நீண்ட நாள் ஓடிய தொழிற்கூடம், ஆலை போன்றவற்றை ஏலம் எடுப்பவர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

சாவி கையில் கிடைக்குமா?

விளம்பரத்தில் முதலில் தேட வேண்டிய வார்த்தை 'சுவாதீனம்'. இதில் 2 வகை உண்டு.

நேரடி சுவாதீனம் என்றால் வீடு காலியாகி, பூட்டுச் சாவி வங்கியிடம் இருக்கிறது என்று அர்த்தம். குறியீட்டு சுவாதீனம் என்றால் நோட்டீஸ் மட்டும் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். உள்ளே கடன்தாரர் குடும்பமோ வாடகைதாரரோ குடியிருப்பார்கள்.

இரண்டாவது வகையில், காலி செய்ய மறுத்தால் பிரிவு 14இன்படி மாவட்ட ஆட்சியர் அல்லது மாஜிஸ்திரேட்டிடம் வங்கி மனு செய்ய வேண்டும். 30 நாளில், அதிகபட்சம் 60 நாளில் உத்தரவு வர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைத் தாண்டிப் போவதும் உண்டு. அடமானத்துக்கு முன்பே முறையான ஒப்பந்தத்துடன் குடியிருக்கும் வாடகைதாரர் என்றால் விஷயம் இன்னும் சிக்கலாகும். அதுவரை முழுப் பணமும் வங்கியிடம், வீடு வேறொருவரிடம் என்ற நிலைதான்.

கடன்தாரர் திரும்பி வந்து வழக்குப் போட்டால்?

வங்கியின் நடவடிக்கையை எதிர்த்து, 45 நாட்களுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தில் கடன்தாரர் மனு செய்யலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் இந்தத் தீர்ப்பாயங்கள் உள்ளன. நோட்டீஸ் கொடுத்ததில் குறை இருந்தால் விற்பனையே ரத்தாகலாம்.

அதேநேரம் ஏலம் எடுப்பவருக்குச் சாதகமான விஷயமும் உண்டு. ஏல அறிவிப்பு வெளியானதும், முழுக் கடனையும் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை கடன்தாரருக்கு முடிந்துவிடுகிறது என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஏலம் முறையாக முடிந்த பிறகு "இப்போ மொத்தமா கட்டிடுறேன்" என்று சொல்லி அதை நிறுத்த முடியாது.

இன்னொன்று, விவசாய நிலம் சர்ஃபேசி சட்டத்துக்குள் வராது. அப்படிப்பட்ட நிலம் ஏலத்துக்கு வந்தால் வழக்குக்கு வாய்ப்பு அதிகம்.

ஏலத்துக்கு முன் செய்ய வேண்டியவை

* பதிவுத்துறை இணையதளத்தில் குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கம் பார்க்கவும். வேறு அடமானம், ஜப்தி, பாகப்பிரிவினை உள்ளதா என்று கவனிக்கவும்.
* பட்டா, சர்வே எண், பரப்பளவு ஆகியவை விளம்பரத்தில் உள்ளதுடன் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கவும்.
* வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியைச் சந்தித்து மூலப் பத்திர நகலைக் கேட்கவும். 13(2) நோட்டீஸ், சுவாதீன நோட்டீஸ், நிலுவை வழக்குகள் பற்றி எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.
* வங்கி குறிக்கும் நாளில் வீட்டை நேரில் பார்க்கவும். அக்கம்பக்கத்தில் விசாரித்தால் ஆவணத்தில் இல்லாத தகவலும் கிடைக்கும்.
* சொத்து வரி, குடிநீர், மின் கட்டண பாக்கியை அந்தந்த அலுவலகத்தில் கேட்கவும்.
* விற்பனைச் சான்றிதழுக்கான முத்திரைத்தாள், பதிவுச் செலவை சார் பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரிக்கவும்.
* சொத்து வழக்குகளில் அனுபவம் உள்ள வழக்கறிஞரிடம் ஆவணங்களைக் காட்டவும். அவருக்குத் தரும் கட்டணம், இழக்க நேரிடும் 25 சதவீதத்துடன் ஒப்பிட்டால் சொற்பம்.

எந்த விலையோடு நிறுத்த வேண்டும்?

ஆன்லைன் ஏலத்தில் கடைசி நிமிடத்தில் யாராவது விலை கேட்டால், நேரம் தானாக நீள்வது வழக்கம். அந்தப் பரபரப்பில் "இன்னும் 50 ஆயிரம் தானே" என்று ஏறிக்கொண்டே போவார்கள். ஏல விலையுடன் பாக்கிகள், ரிப்பேர், பதிவுச் செலவு, வீடு கைக்கு வரும்வரை கட்டும் வட்டி, வாடகை எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். அதே தெருவில் சிக்கல் இல்லாத வீட்டின் விலையை அந்தத் தொகை நெருங்கிவிட்டால், ஏலத்தில் எடுப்பதில் லாபம் இல்லை.

ஆள் இல்லாமல் போன ஏலம், குறைந்த விலையில் மறுபடி அறிவிக்கப்படுவதும் உண்டு. சந்தேகம் தீராத சொத்தை விட்டுவிட்டு அடுத்த அறிவிப்புக்குக் காத்திருப்பதில் தவறே இல்லை.