மின்காரின் ‘மீதித் தூரம்’ ஏன் தாவுகிறது?

டேஷ்போர்டில் 120 கி.மீ. என்றிருந்த மீதித் தூரம், ஹீட்டரைப் போட்டுக்கொண்டு மேடு ஏறினால் மளமளவென்று 100-க்கு இறங்கிவிடும். பேட்டரி ஓட்டையா? இல்லை. மிச்சமுள்ள மின்சாரத்தையும் சற்றுமுன் கார் கொடுத்த மைலேஜையும் பெருக்கித்தான் கணினி அந்த எண்ணைச் சொல்கிறது. 20 யூனிட் மிச்சம், யூனிட்டுக்கு 6 கி.மீ. என்றால் 120, மைலேஜ் 5 ஆனால் 100.

2010-இல் வந்த நிசான் லீஃபில் இந்த எண் ஏறி இறங்கியதைப் பார்த்து, அமெரிக்க ஓட்டுநர்கள் அதற்கு ‘கெஸ்-ஓ-மீட்டர்’, அதாவது ஊக மீட்டர், என்று பெயர் வைத்தார்கள். எண்ணை நம்பாதவர் பாதி சார்ஜ் இருக்கும்போதே பிளக்கைத் தேடுவார். சார்ஜ் சதவீதம் கையிருப்பு. தூரம் வெறும் கணிப்பு. இந்த இரண்டோடு, ஹீட்டர் எவ்வளவு இழுக்கிறது, வேகம் எவ்வளவு தின்கிறது என்பதையும் திரை பிரித்துக் காட்டினால், எதைக் குறைத்தால் ஊர் போய்ச் சேரலாம் என்று ஓட்டுநரே முடிவெடுப்பார்.