மண்வெட்டி பிடித்த சமாதானம்

வெளிநாட்டுத் தொண்டு முகாம் என்றாலே சிலருக்குச் சுற்றுலா நினைப்புதான். சுவிட்சர்லாந்தின் பியேர் செரெசோல் 1920-இல் தொடங்கிய முகாமோ, பிரான்சில் வெர்டன் போர்க்களத்தை ஒட்டிய எஸ்ன் கிராமத்து இடிபாடுகளில் நடந்தது. நான்கே ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் மாதக்கணக்கில் மோதி மடிந்த வட்டாரம் அது. பேச்சைவிடச் செயலே பகையைக் கரைக்கும் என்று நம்பிய அவர், ஜெர்மானியரையும் சேர்த்துக்கொண்டார். தொண்டர்கள் குடில்கள் கட்டினர், குண்டுக்குழிகளை மூடினர். ஆனால், ஜெர்மானியர் இருப்பதற்கு எதிர்ப்புக் கிளம்பி 1921-இல் முகாம் கலைந்தது. காயம் ஆறாத ஊர். குறை சொல்ல முடியாது.

செரெசோல் விடவில்லை. 1934 பீகார் நிலநடுக்கத்திற்குப் பின் அங்கும் வந்து கிராமங்களை மீண்டும் அமைக்க உழைத்தார். அவருடைய சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் அமைப்பு இன்றும் முகாம்கள் நடத்துகிறது. பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரம். வழிச்செலவு தொண்டருடையது, சாப்பாடும் தங்குமிடமும் முகாமில். சமையலும் பாத்திரம் கழுவுவதும் முறைவைத்து எல்லாருக்கும் உண்டு.