குழல் மட்டும் மாறினால் போதாது

கீரனூரிலிருந்து திருச்சி போகும் வழியில், விமான நிலையத்தை அடுத்த நவல்பட்டில் இருக்கிறது படைக்கலத் தொழிற்சாலை. 1966-இல் தொடங்கியது. சுற்றுவட்டாரத்தில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை. ‘துப்பாக்கி ஃபேக்டரி’ என்றால்தான் தெரியும். அங்கே உருவான ஆயுதங்களில் என்னை அதிகம் ஈர்த்தது ‘வித்வன்சக்’. தென்னாப்பிரிக்கத் துப்பாக்கி ஒன்றின் சாயலில் செய்யப்பட்டு, எல்லைப் பாதுகாப்புப் படைக்குப் போனது. எடை சுமார் 25 கிலோ. எதிரியின் வாகனங்களையும் பதுங்குமிடங்களையும் வெகு தொலைவிலிருந்து துளைப்பதற்கானது.

ஆனால் அதன் பலத்தைவிட அதன் அமைப்புதான் நான் எழுத வந்த விஷயம். ஒரே துப்பாக்கி 12.7 மில்லிமீட்டர், 14.5 மில்லிமீட்டர், 20 மில்லிமீட்டர் என மூன்று வகைத் தோட்டாக்களைச் சுடும். களத்திலேயே, ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிவிடலாம். அப்படி மாற்றும்போது எவையெல்லாம் கழற்றப்படுகின்றன என்று பாருங்கள். குழல் மட்டுமல்ல; அதன் பின்முனையை மூடும் போல்ட், தோட்டாப் பெட்டி, குறிபார்க்கும் தொலைநோக்கி என நான்கும் மாறுகின்றன. பிடியும் சட்டமும் தாங்கியும்தான் பழையபடி இருக்கும்.

அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் வேட்டைத் துப்பாக்கிக்குக் குழல் மாற்றுவது அன்றாடப் பட்டறை வேலை. தேய்ந்த குழலை எடுத்துவிட்டு, வேறு தோட்டாவுக்கான புதுக் குழலைப் பொருத்தித் தருவார்கள். வேட்டையே தடைசெய்யப்பட்ட நம் நாட்டில் அதற்கென்ன இடம் என்று கேட்கலாம். ஆனால் நம் நாட்டுத் துப்பாக்கிகளின் நூறாண்டு வரலாற்றில் பெரும்பகுதி, குழலும் தோட்டாவும் மாறிய வரலாறுதான். அதற்குள் போகுமுன் தோட்டாவைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. துப்பாக்கியின் பின்முனையில் இந்தக் கூட்டின் அச்சுக்கே குடையப்பட்ட அறை இருக்கிறது. குழலின் பின்பகுதிதான் அந்த அறை. ஆகவே குழல் மாறினால் அறையும் மாறும். மருந்து எரியும்போது எழும் அழுத்தம் பித்தளையை அறைச் சுவரோடு ஒட்ட அழுத்தி, வாயு பின்னால் கசியாமல் அடைத்துவிடுகிறது. .300 வின்செஸ்டர் மேக்னம் போன்ற தோட்டாவில் இந்த அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 4,000 மடங்கைத் தாண்டும். குண்டு குழலைவிட்டு வெளியேற ஏறத்தாழ நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். அந்த நேரத்துக்குள் கூட்டின் அடிப்பாகம் நாலு டன்னுக்கு மேற்பட்ட விசையோடு போல்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. போல்டின் முனையிலுள்ள இரண்டு மூன்று எஃகுப் பற்கள்தான் சுடுபவரின் முகத்துக்கும் அந்த விசைக்கும் நடுவில் நிற்கின்றன.

இதனால்தான் குழல் மாற்றும் கைவினைஞர் முதலில் குழலைப் பார்ப்பதில்லை. போல்டின் முகத்தைப் பார்க்கிறார். கூட்டின் அடி அதில் உட்கார வேண்டும். சுட்டபின் கூட்டை இழுத்து வெளியே எறியும் கொக்கி அதன் விளிம்பைப் பற்ற வேண்டும். உலகத் தோட்டாக்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தது இந்த அடி விட்டம்தான். மௌசர், .30-06, .308, .270 எல்லாம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் அடியுள்ள ஒரு குடும்பம். மேக்னம் எனப்படும் பலம் கூடிய தோட்டாக்களில் பெரும்பாலானவை 13.5 மில்லிமீட்டர் அடியுள்ள இன்னொரு குடும்பம்.

இந்த இரண்டாவது குடும்பத்தின் மூதாதை, லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் 1912-இல் வெளியிட்ட .375 மேக்னம். வெப்ப நாடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட தோட்டா அது. அக்கால வெடிமருந்தான கார்டைட், வெயில் ஏற ஏற அழுத்தத்தைக் கூட்டும். இங்கிலாந்துக் குளிரில் ஒழுங்காகச் சுட்ட தோட்டா, சித்திரை வெயிலில் அறைக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எதிரே புலி நிற்கும்போது கூடு வெளியே வராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் கூட்டை நீளமாகவும் நுனி நோக்கிச் சரிவாகவும் அமைத்தார்கள். சரிவான கூடு எளிதில் கழன்று வரும். ஆனால் அறைக்குள் எங்கே நிற்பது என்ற பிடிப்பு அதற்குக் குறைவு. அதற்காகவே அடியில் ஒரு பித்தளைப் பட்டை சேர்க்கப்பட்டது. 1956-இல் வந்த .458 வின்செஸ்டரும், 1960-களின் தொடக்கத்தில் வந்த 7 மில்லிமீட்டர் ரெமிங்டன், .300 வின்செஸ்டர் மேக்னம்களும் அந்தப் பட்டையைச் சுமந்தே வந்தன. அவற்றில் பலவற்றுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. பலமுள்ள தோட்டா என்பதற்கான அடையாளமாக அது நிலைத்துவிட்டது. 2018-இல் வந்த 6.5 பிஆர்சி, .300 பிஆர்சி போன்றவை அதே 13.5 மில்லிமீட்டர் அடியை வைத்துக்கொண்டு பட்டையைக் கைவிட்டுவிட்டன.

ஆக, 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னம் வைத்திருப்பவர் .338 வின்செஸ்டருக்கு மாற விரும்பினால், போல்ட் அப்படியே இருக்கும்; நீளமும் ஒத்துவரும். .30-06 வைத்திருப்பவர் அதையே செய்ய நினைத்தால் போல்டும் மாற வேண்டும், தோட்டாப் பெட்டியின் உதடுகளும் மாற வேண்டும். உடற்பகுதி எஃகு அந்த விசைக்குத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வேலையாகத் தெரியும்.

மேக்னம்காரர்கள் குழல் மாற்றுவதற்குப் பெரும்பாலும் ஆசை காரணமில்லை, தேய்மானம்தான். சிறு துளை வழியே பெருமளவு மருந்து எரியும்போது, அறையை ஒட்டிய குழலின் தொண்டைப் பகுதி தீயில் பொரிந்து வெடித்துப்போகும். .308 குழல் சில ஆயிரம் தோட்டாக்களைத் தாங்கும்; .264 வின்செஸ்டர் மேக்னம் போன்றவற்றில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறிலேயே குறி சிதறத் தொடங்கிவிடும்.

புதுக் குழலில் இரண்டு அளவுகள் தவறவே கூடாது. ஒன்று, மூடிய போல்டின் முகத்துக்கும் அறையில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம். இதில் அனுமதிக்கப்படும் வேறுபாடு ஒரு தாளின் தடிமன்தான், ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். கூடினால் பித்தளை பின்னுக்கு இழுபட்டு அடியோரம் கிழியும். கொதிக்கும் வாயு சுடுபவரின் கண்ணை நோக்கி வரும். குறைந்தால் போல்ட் மூடாது. போல்ட் மூடிக்கொண்டாலே தோட்டா பொருந்திவிட்டது என்று நினைப்பவர்கள்தான் விபத்தில் மாட்டுகிறார்கள். உரிய அளவுமானிகளை வைத்துச் சோதிக்காத துப்பாக்கியைக் கையில் எடுக்கவே கூடாது.

இன்னொன்று, குழலுக்குள் திருகிச் செல்லும் வரிப்பள்ளங்களின் திருகல் அளவு. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற குழலிலிருந்து நொடிக்கு 850 மீட்டர் வேகத்தில் வெளிவரும் குண்டு, நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் சுற்று சுழல்கிறது. அந்தச் சுழற்சிதான் குண்டைத் தலைகுப்புற விழாமல் நேராக ஓட்டுகிறது. குண்டு நீளமாக ஆக, திருகலும் நெருக்கமாக வேண்டும். இதைக் கணக்கிட எளிய சூத்திரம் ஒன்றை 1879-இல் வகுத்தவர், இங்கிலாந்தின் வூல்விச்சில் கணிதம் கற்பித்த ஜார்ஜ் கிரீன்ஹில்.

இனி நம் கதை. 1907 வாக்கில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 துளை கொண்ட தோட்டாக்களைத் தடை செய்தது. ராணுவத்தின் பழைய மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிக்கு அந்தத் துளையளவு. வேட்டைக்காரர்களின் குண்டுகள் கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம். யானை வேட்டைத் துப்பாக்கி செய்த லண்டன் நிறுவனங்கள் உடனே துளையைச் சற்றே விரித்து .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளுக்குப் போயின. உலகப் பெருவேட்டைத் தோட்டாக்களின் பட்டியல் இந்தியச் சட்டத்தால் நீண்டது என்பதை, அந்தத் துப்பாக்கிகளைக் கொண்டாடும் நூல்கள் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை.

அடுத்தது .303. போலீஸ் நிலையத் தாழ்வாரத்தில் சங்கிலியில் கட்டிவைத்திருந்த ‘த்ரீ நாட் த்ரீ’ நம் தலைமுறைக்கு நன்கு தெரியும். ராணுவத் தோட்டா என்பதால் பொதுமக்களுக்கு அது கிடையாது. அதே லீ-என்ஃபீல்டு உடலில், ஆஸ்திரியாவின் 8 மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டாவுக்கான குழலைப் பொருத்தி, .315 என்ற பெயரில் இந்தியச் சந்தைக்கு விற்றார்கள். இது ஏன் இவ்வளவு எளிதாக நடந்தது? இரண்டு தோட்டாக்களின் அடி விளிம்பும் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர். போல்டுக்குப் பெரிய வேலையே இல்லை. சுதந்திரத்துக்குப் பின்னும் கொல்கத்தா அருகே இஷாப்பூர் தொழிற்சாலை .315 துப்பாக்கியைச் செய்துகொண்டே இருந்தது. உரிமம் பெற்ற பல குடும்பங்களில் இருப்பது அதுதான்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைப்பது .410 மஸ்கட். இஷாப்பூரில் .303 துப்பாக்கியின் வரிப்பள்ளங்களை நீக்கி, தோட்டாப் பெட்டி இருந்த இடத்தில் மரக்கட்டையை வைத்து, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும் காவல் ஆயுதமாக்கினார்கள். .303 கூட்டின் குறுகிய கழுத்தை நேராக்கியதுதான் அதன் தோட்டா. ஒரு துப்பாக்கி எவ்வளவு தூரம், எத்தனை முறை, யார் மீது சுட வேண்டும் என்பதை அரசு பட்டறையில் வைத்தே தீர்மானித்த சான்று அது.

1962 சீனப் போருக்குப் பின் நடந்தது இதற்கு நேர்மாறு. அதே லீ-என்ஃபீல்டு வடிவத்தை 7.62 நேட்டோ தோட்டாவுக்கு மாற்றினார்கள். அதுவே இஷாப்பூர் 2ஏ, பிறகு 2ஏ1. இங்கே குழலை மட்டும் மாற்றினால் நடக்கவில்லை. புதுத் தோட்டாவின் அழுத்தம் கூடுதல் என்பதால் உடற்பகுதிக்குத் தரமான எஃகு தேவைப்பட்டது. விளிம்பில்லாத கூடு என்பதால் இழுக்கும் கொக்கி மாறியது. தோட்டாப் பெட்டி புதிதாக வடிவமைக்கப்பட்டு, 10-க்குப் பதில் 12 தோட்டா கொண்டது. 2ஏ1-இல் குறிகாட்டியையும் 2,000 மீட்டரிலிருந்து 800 மீட்டராகக் குறைத்தார்கள்.

அந்த 800 என்ற எண்ணைக் கீரனூர்க்காரர்கள் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. அது குறிவைக்கும் தூரம். குண்டு போய் விழும் தூரமில்லை. 7.62 குண்டு, குழலைச் சற்றே உயர்த்தினால் மூன்று கிலோமீட்டரையும் தாண்டும். மேக்னம் இன்னும் தூரம் போகும். 2021 டிசம்பர் 30 அன்று, பக்கத்து நார்த்தாமலையில், துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்திலிருந்து வந்த குண்டு, வீட்டிலிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். சுட்ட இடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் கிலோமீட்டர் கணக்கில் வெளி இருந்தது. தோட்டா மாறும்போது அபாயத்தின் எல்லையும் மாறுகிறது. மண்மேடும் வேலியும் பழைய தோட்டாவுக்கு அளந்தவையாக இருந்தால் போதாது. பலம் கூடிய தோட்டாவைப் பற்றி உற்சாகமாக எழுதும் யாரும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது என்று நினைக்கிறேன்.

தாத்தா காலத்து மேக்னம் வீட்டில் கிடக்கிறது, அதற்குத் தோட்டா கிடைப்பதில்லை, நம் நாட்டில் செய்யும் தோட்டாவுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கைவினைஞருக்கு அது செய்யக்கூடிய வேலைதான். ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உற்பத்தி, விற்பனையோடு மாற்றியமைத்தல், பழுதுபார்த்தல், சோதித்தல் ஆகியவற்றுக்கும் உரிமம் கேட்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், அதை மீறினால் குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. லேத் இருக்கிறது, கைத்திறன் இருக்கிறது என்று ஊர்ப் பட்டறையில் முடிக்கக்கூடிய காரியமில்லை.

சட்டம் எதை அளக்கிறது என்பதையும் கவனியுங்கள். .30-06 துப்பாக்கியின் குண்டும் 7.62 ராணுவத் துப்பாக்கியின் குண்டும் ஒரே பருமன்தான். முன்னதை உரிமத்தோடு பொதுமக்கள் வைத்திருக்கலாம், பின்னது தடைசெய்யப்பட்டது. ராணுவத் தோட்டாவை ஏற்றுச் சுடக்கூடிய அறை இருக்கிறதா என்பதே ஆயுத விதிகளின் கேள்வி. குழலின் முன்துளையை அளந்து பார்த்தால் அதற்கு விடை கிடைக்காது. பின்முனை அறையைத்தான் அளக்க வேண்டும்.