தேயிலை மலையிலிருந்து பத்திரிகைக்கு எழுதுவோர்

உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவர்கள் பலர் மனத்திலே வைத்திருக்கும் கேள்வி ஒன்றுண்டு. கொழும்புக்குச் சென்று வேலை தேடாமல், அக்கரப்பத்தனையிலே பெற்றோருடன் இருந்துகொண்டே பத்திரிகைகளுக்கு எழுதிப் பொருளீட்ட இயலுமா என்பதே அது. இதற்கு ஒரே சொல்லில் விடை கூறுவது நேர்மையாகாது. எழுத இடமுண்டு. சில இடங்களிலே சன்மானமும் உண்டு. ஆனால் அச்சன்மானத்தை மட்டும் நம்பி அடுப்பு மூட்ட இயலாது. இம்மூன்றையும் ஒருங்கே மனத்திற் கொண்டவர்களுக்கே இக்கட்டுரை பயன்படும்.

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக ஏறிவரும் பாதை அக்கரப்பத்தனையைக் கடந்து டயகமம் வரை செல்கிறது. அதற்கு அப்பால் ஹோர்ட்டன் சமவெளியின் காடுகள். இத்தகைய தூரத்திலுள்ள ஊரிலிருந்து கொழும்பிலுள்ள ஆசிரியருக்கு வழக்கமாகப் போய்ச் சேருவன எவை? கோயில் திருவிழா, பாடசாலை விளையாட்டுப் போட்டி, தொழிற்சங்கத் தலைவரின் சொற்பொழிவு, பஸ் விபத்து ஆகியனவே. இவற்றை அனுப்புவதற்குப் பிரதேச நிருபர்கள் இருக்கிறார்கள். அவர்களிற் பெரும்பாலோர் பகுதிநேரமாகவே அப்பணியைச் செய்பவர்கள். வேறொரு தொழிலும் வைத்திருப்பவர்கள். அவர் அனுப்புவதையே நாமும் அனுப்பினால், ஆசிரியர் இரண்டாவது கடிதத்தை ஒதுக்கிவைப்பதிலே வியப்பில்லை. ஆசிரியரிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருக்கவேண்டும்.

அப்படி ஒன்று தோட்டத்துப் பிள்ளைகளிடம் நிரம்ப இருக்கிறது என்பதற்கு நம் பத்திரிகை வரலாறே சான்று. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை நேரிற் கண்டறியத் துணி வியாபாரியைப்போலத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. அன்று வெளியார் எவரும் துரைமாரின் அனுமதியின்றி லயத்துப் பக்கம் போக இயலாது. அவ்வாறு திரட்டிய அறிவே அவர் 1920-களில் நடத்திய ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளுக்கு உயிர் கொடுத்தது. அவர் மூட்டை சுமந்து தேடிய விஷயம், லயத்திலே பிறந்த மாணவனுக்கு வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. கிடக்கின்ற காரணத்தாலேயே அதன் அருமை அவனுக்குத் தெரிவதில்லை.

என். எஸ். எம். இராமையாவின் ‘ஒரு கூடைக் கொழுந்து’ 1961ஆம் ஆண்டிலே ‘தினகர’னில் வெளிவந்தது. ஒரு பெண் ஒரே நாளிற் பறித்த கொழுந்தின் நிறையைப் பற்றி எழுந்த சந்தேகமே அக்கதையின் கரு. கொழுந்து நிறுக்கும் இடத்திலே நடப்பதை அறியாத ஒருவர் அதனை எழுதியிருக்க முடியாது. அதே தசாப்தத்தில் ‘வீரகேசரி’ தன் ‘தோட்ட மஞ்சரி’ப் பகுதியிலே மலைநாட்டு எழுத்துக்கு இடம் ஒதுக்கியது. அப்பகுதியைக் கவனித்த எஸ். எம். கார்மேகமும் மலைநாட்டு எழுத்தாளர் மன்றத்தாரும் முன்னின்று சிறுகதைப் போட்டிகளை நடத்தினர். பரிசு பெற்ற கதைகள் 1971இல் ‘கதைக் கனிகள்’ என்ற பெயரில் நூலாயின. தெளிவத்தை ஜோசப் அப்போட்டிகளிலே பரிசு பெற்றவர்களுள் ஒருவர். அவர் தம் பெயரின் முன்னே தாங்கிநின்ற தெளிவத்தை, ஒரு தோட்டத்தின் பெயரேயாகும். தலவாக்கலையில் பெரிய மல்லிகைப்பூத் தோட்டத்திலே தொழிலாளியாக இருந்தவாறே எழுதியவர் மல்லிகை சி. குமார். இவர்களில் எவரும் எழுத்தை மட்டும் கொண்டு குடும்பம் நடத்தவில்லை என்பதையும் இளைஞர்கள் கவனித்தல் நன்று.

சரி, எதை எழுதுவது?

நிறுவையையே எடுத்துக்கொள்வோம். கொழும்பிலுள்ள வாசகருக்குத் தோட்டச் சம்பளம் என்றால் வர்த்தமானியில் வந்த ஒரு தொகை மட்டுமே. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று அறிவிக்கப்பட்டபோது பத்திரிகைகளெல்லாம் அத்தொகையையே தலைப்பிலிட்டன. லயத்திலோ பேச்சு வேறாயிருந்தது. பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறை உயர்த்தப்பட்டதென்றும், குறைந்தால் அரைப்பேரே விழுகிறதென்றும் பல தோட்டங்களிலே தொழிலாளர் முறையிட்டனர். ‘பேர்’ என்றால் என்ன, ‘அரைப்பேர்’ விழுந்தால் வீட்டிற்கு எவ்வளவு குறைகிறது, ஈரக் கொழுந்துக்கும் சாக்குக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள், மழைநாளில் இக்கணக்கு எவ்வாறு மாறுகிறது என்பவற்றை ஒரு தாயாரின் சம்பளச் சீட்டைப் பக்கத்திலே வைத்துக்கொண்டு 600 சொற்களில் விளக்கி எழுதுங்கள். ஆசிரியர் அதனை எளிதிலே குப்பைக் கூடையில் இடமாட்டார்.

இன்னொன்று, ஆறு. ஹோர்ட்டன் சமவெளியிலே பிறந்து இப்பகுதி வழியாக இறங்கும் ஆக்ரா ஓயாவின் நீர் கொத்மலை ஓயாவிலே கலக்கிறது. 2012இல் செயற்படத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை மின் திட்டத்துக்கு அந்நீரும் உதவுகிறது. அந்த ஆற்றின் கரையிலுள்ள லயங்களில் குடிநீர் எங்கிருந்து வருகிறது, கோடைக்காலத்தில் எத்தனை நாள் வராது என்பது நேரில் நடந்து பார்த்தே எழுதவேண்டிய விஷயமாகும்.

மூன்றாவது, பிரதேச சபை. முன்பு நுவரெலியா பிரதேச சபைக்குள் அடங்கியிருந்த அக்கரப்பத்தனை தனிச் சபையாக்கப்பட்டு, 2018இல் அதற்கு முதல் தேர்தல் நடந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள்ளே சபையின் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அதே 2018இல் வந்த திருத்தம் அத்தடையை நீக்கியது. நீங்கிய பின் எந்தத் தோட்டத்துப் பாதை செப்பனிடப்பட்டது? இதற்கு ஊகத்தால் விடை எழுதக் கூடாது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் சபையின் தகவல் அலுவலரிடம் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். காரணம் கூறவேண்டியதில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். இந்த உரிமை பிரஜைகளுக்கு உரியது என்பதை மலைநாட்டார் சற்று நின்று வாசிப்பது இயல்பே. 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டவர்களில் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே குடியுரிமை கிடைத்தது. பாட்டனார் கேட்கமுடியாத கேள்வியைப் பேத்தி கேட்கலாம்.

எழுதி முடித்ததும் உடனே அனுப்பிவிடுதல் கூடாது. முதலிலே குறித்த பத்திரிகையின் நான்கு வாரத்து இதழ்களைத் தேடி வாசித்தல் வேண்டும். அக்கட்டுரை எந்தப் பகுதிக்குப் பொருந்தும், அப்பகுதியில் எத்தனை சொற்கள் கொள்ளும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஞாயிறு இதழின் பல பக்கங்கள் வாரத்தின் நடுவிலேயே ஆயத்தமாகிவிடுவதால், வெள்ளிக்கிழமை அனுப்பியதை அந்த ஞாயிற்றிலே தேடிப் பயனில்லை. இக்காலத்தில் மின்னஞ்சலே தபாலின் வேலையைச் செய்கிறது. யூனிகோட் எழுத்திலே தட்டெழுதி, கடிதத்தின் உள்ளேயே கட்டுரையைச் சேர்த்து அனுப்பினால், பாமினி எழுத்திலிருந்து மாற்றும் தொல்லை ஆசிரியருக்கு இராது. கையெழுத்துத் தாளைப் படமெடுத்து அனுப்புவோர் இன்றும் இருக்கிறார்கள். அதைத் தட்டெழுத அங்கே எவருக்கும் ஓய்வில்லை. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரு பத்திரிகைகளுக்கு அனுப்பி, இரண்டிலும் வெளிவந்துவிட்டால், இரு கதவுகளும் அடைபடும். இரண்டு வாரம் பொறுத்துப் பண்பாக விசாரிக்கலாம். பதிலில்லையேல், எடுத்துக்கொள்வதாக அறிவித்து வேறிடம் அனுப்பலாம்.

சன்மானத்தைப் பற்றிக் கேட்க நம்மவர் கூசுகிறார்கள். கூசவேண்டியதில்லை. ருஷ்ய எழுத்தாளர் செகாவ், மாஸ்கோவில் வைத்திய மாணவராக இருந்தபோதே குடும்பத்தைத் தாங்குவதற்காகச் சிறு பத்திரிகைகளுக்கு வரிக்கு இவ்வளவு என்ற கணக்கில் எழுதினார். மாஸ்கோவில் இருந்துகொண்டு பீட்டர்ஸ்பர்க்குப் பத்திரிகைக்குத் தபாலில் அனுப்பினார். வைத்தியத் தொழிலையும் அவர் கைவிடவில்லை. பிரசுரத்துக்கு ஏற்றுக்கொண்டதாக ஆசிரியர் தெரிவித்தவுடன், “சன்மானம் உண்டா, எப்பொழுது அனுப்பப்படும்?” என்று ஒரு வரியிலே கேட்பது மரியாதைக் குறைவாகாது. சில பகுதிகள் ஒன்றும் தருவதில்லை. அதை முன்னரே அறிந்து, பழக்கத்துக்காக எழுதுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது நமது உரிமை. வெளிவந்த ஒவ்வொன்றையும் வெட்டி, திகதியோடு ஒரு கொப்பியிலே ஒட்டிவைத்தல் வேண்டும். பணம் வராதபோது காட்டுவதற்கும், பின்னர் வேறோர் ஆசிரியரிடம் தகுதியைக் காட்டுவதற்கும் அக்கொப்பியே சாட்சி. சம்பளத்துக்கு அமர்ந்தவர் தம் கடமையாக எழுதியதன் பொருளுரிமை முதலாளிக்குச் சேருமென்பது 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின் பொதுவிதி. வெளியிலிருந்து எழுதுபவர் அவ்விதிக்குள் வரார். ஆகவே எந்தத் தாளிலும் கையொப்பமிடுமுன் வாசியுங்கள். பத்து வருடங்களின் பின் அக்கட்டுரைகளே ஒரு நூலாகலாம்.

இதில் ஆபத்தே இல்லை என்று கூறிவிட முடியாது. குடியிருக்கும் லயம் தோட்ட நிர்வாகத்துக்குரியது. தந்தையோ தாயோ அங்கே பெயர் பதிந்தவர்கள். நிர்வாகத்தைக் குறைகூறும் கட்டுரை வந்த மறுநாள் பிரட்டுக்களத்திலே யாருடைய முகத்தைப் பார்ப்பார்கள் என்பதை எழுதுபவர் முன்னரே சிந்தித்தல் வேண்டும். சம்பளச் சீட்டைக் காட்டிய தாயாரின் பெயரை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது. அவருடைய பதிவு இலக்கத்தையும் எழுதலாகாது, ஏனெனில் தோட்டத்திலே அதுவே பெயருக்குச் சமம். நிர்வாகத்தின் விளக்கத்தையும் கேட்டு எழுதினால் கட்டுரையின் பலம் கூடும். கேட்டும் பதில் தரவில்லையென்றால் அதையும் ஒரு வரியாக எழுதலாம்.

பழைய காலத்து எழுத்தாளருக்கு இன்னொரு சங்கடம் இருந்தது. லயத்து அறைகளுக்குத் தனி முகவரி இல்லாமையால், கடிதங்கள் தோட்டக் கந்தோருக்கே வந்து, அங்கிருந்தே பிரித்துக் கொடுக்கப்பட்டன. பத்திரிகையின் பெயர் அச்சிட்ட உறை கந்தோர் மேசையிலே கிடந்தால் செய்தி தோட்டமெங்கும் பரவிவிடும். அச்சங்கடம் முற்றாக நீங்கவில்லை. கடிதமோ காசோலையோ வரவேண்டியவர்கள் அக்கரப்பத்தனைக் கடைவீதியிலே நம்பிக்கையான ஒருவரின் கடை முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு வைத்திருந்தால் இன்னும் எளிது. புனைபெயரில் எழுதுவோர், கட்டுரையின் கீழே அச்சிடவேண்டிய பெயரையும், கணக்கிலுள்ள உண்மைப் பெயரையும் வெவ்வேறாகக் குறித்தனுப்புதல் வேண்டும். இல்லாவிடில் புனைபெயருக்கு எழுதப்பட்ட காசோலையை வங்கியார் ஏற்கமாட்டார்கள்; அதை மாற்றி வாங்குவதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும்.