தலைக்கட்டு வரி

1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாகிப்போன தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் அந்த மிச்சத்தையும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் அப்பாயி என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதை அச்சில் போட முடியாது.

அட்டன் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். சிறுமியாக இருந்தபோது கோச்சி (ரயில்) ஏறித் தலைமன்னார் வந்தோம். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். எங்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். கப்பலில் வந்த எங்களில் அதற்கு முன் இந்தியாவைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

துறையூர்ப் பக்கம் தாத்தாவின் அப்பா பிறந்த ஊருக்குத்தான் முதலில் போனோம். சொந்தக்காரர்கள் சோறு போட்டார்கள். நிலத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறோமோ என்ற பயமும் அவர்களுக்கு இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அரசு வியாபாரக் கடன் கொடுத்தது. கவ்வாத்துக் கத்தியைத் தவிர எதையும் பிடித்தறியாத அப்பா பெட்டிக்கடை வைத்தார். கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்தார். கடை போனது. வெயிலில் எங்களுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். இப்படிச் சமவெளியில் கடை வைத்து நொடித்த குடும்பங்கள் ஏராளம்.

திரும்பி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டங்கள் போட்டிருந்தது. எல்லோருக்கும் அதில் இடம் கிடைக்காது. ஆனால் அந்த மலையில் தெரிந்த தொழில் இருந்தது, அதை நம்பித் தாங்களாகவே மேலே ஏறியவர்கள் பலர். அப்பாவின் கூட்டாளி கோத்தகிரியிலிருந்து கடுதாசி போட்டார்: "இங்கயும் குளிருது, இங்கயும் தேயிலைதான். வந்துடு."

படகர் ஒருவரின் சிறு தோட்டத்தில் அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கும் வேலை. முதல் நாள் அந்த ஐயா பாத்தி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா குனிந்து பார்க்கவே இல்லை. இரண்டு கையும் செடிமேல் தனித்தனியாக ஓடின. முற்றல் இலையைத் தொடாமல் கொழுந்தை மட்டும் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்குப் பின்னால் கூடையில் போட்டாள். அவர் சாயங்காலம் எடை போட்டுவிட்டு, "நாளைக்கு உங்க ஆளுங்க இன்னும் நாலு பேரைக் கூட்டிட்டு வாம்மா" என்றார். எங்கள் காலனி அப்படித்தான் உருவானது.

வேலை கிடைத்தால் ஊர் கிடைத்துவிடாது. பள்ளிக்கூடத்தில் நான் சிலோன்காரி. சாதிச் சான்றிதழுக்கு அண்ணன் அலைந்த அலைச்சல் தனிக்கதை. காகிதம் ஒவ்வொன்றாக வந்தது. ரேஷன் அட்டை வந்தது, ஓட்டும் வந்தது. ஆனாலும் எங்கள்மேல் ஊரில் யாருக்கும் எந்த உரிமையும் இல்லை. அதுதான் அப்பாவை உறுத்தியது என்று இப்போது தோன்றுகிறது. யாரும் சண்டைக்குக்கூடக் கூப்பிடாத இடத்தில் ஒருவன் விருந்தாளியாக மட்டும்தான் இருக்க முடியும்.

ஒரு பங்குனியில் கடைத்தெரு அம்மன் கோயில்காரர்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு காலனிக்கு வந்தார்கள். திருவிழாவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி. "நீங்க கூலிக்காரங்க, பாதி கொடுத்தாப் போதும்" என்றார் ஒருவர். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. "ஊருக்கு எவ்வளவோ அவ்வளவுதான் எங்களுக்கும். எழுதுங்க." முழுப் பணமும் போனது. அந்த வாரம் முழுக்க வீட்டில் ரொட்டியும் சம்பலும்தான். அம்மா அவரைத் திட்டிய திட்டு பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. அடுத்த வருஷம், தேர் எங்கள் தெரு வழியாக ஏன் வரவில்லை என்று அப்பா கோயில் கூட்டத்தில் சத்தம் போட்டார். வரி கட்டியவர் இல்லையா!

இன்று எங்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். என் தையல் கடைக்கு ரவிக்கை தைக்க வரும் ஜார்க்கண்ட் பெண் திருவிழாவில் பின்வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறாள். அவர்கள் குடும்பங்களையும் நோட்டில் எழுதுவோம் என்று இந்த வருஷக் கூட்டத்தில் கேட்டேன். "ரெண்டு வருஷத்துல போயிடுவாங்கக்கா, எதுக்கு?" என்றார் பொருளாளர். அவரும் காலனிப் பையன்தான், மண்டபம் முகாமில் பிறந்தவர். அதைச் சபையில் வைத்தே சொன்னேன். கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அடுத்த கூட்டம் ஆடியில். மறுபடியும் கேட்கத்தான் போகிறேன்.