சிறு படகின் பாட்டரி: தேர்வும் பராமரிப்பும்

செய்யாற்றங்கரையில் அமைந்த காவாந்தண்டலம் முதலிய ஊர்களில் ஏரியே உழவரின் மூலதனம் எனலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரியைக் காக்கத் தனியே ஏரி வாரியம் இருந்ததைக் கூறுகின்றன. பருவமழையில் ஏரி நிறைந்தபின் வலை வீசவும், ஆகாயத்தாமரையை அகற்றவும் சிறு படகு தேவைப்படுகிறது. துடுப்புக்குப் பதிலாகப் பாட்டரியால் இயங்கும் சிறு மோட்டாரைப் பொருத்த விரும்பும் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவற்றை இங்கே கூறுவோம். மோட்டாரைவிடப் பாட்டரியே விரைவில் கெடுவது. அதுவும் பெரும்பாலும் நம் கவனக்குறைவினாலேயே கெடுகிறது.

ஈயத் தகடுகளும் கந்தகத் திராவகமும் கொண்ட பாட்டரியைப் பிரான்சு தேசத்துக் காஸ்டன் பிளாண்டே 1859-இல் கண்டார். இன்று அது இருவகையாக விற்கப்படுகிறது. லாரி, டிராக்டர்களில் உள்ளது சில வினாடிகள் பெரும் மின்சாரத்தைத் தந்து எஞ்சினைக் கிளப்புவதற்கானது. அதன் தகடுகள் மெல்லியவை; பலமணி நேரம் மோட்டாரை ஓட்டினால் சில மாதங்களிலேயே பழுதாகும். வீட்டு இன்வெர்ட்டருக்கு உபயோகிக்கும் டியூபுலர் போன்ற, நெடுநேரம் மின்சாரம் தரவல்ல வகையே படகுக்கு ஏற்றது. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய டிராக்டர் பாட்டரியை வாங்குவது நஷ்டமேயாகும்.

அளவை எவ்வாறு நிர்ணயிப்பது? 12 வோல்ட் மோட்டார் ஒன்று 20 ஆம்பியர் இழுக்கிறது. நாளொன்றுக்கு 2 மணி நேரம் ஓடுகிறது என்று கொள்வோம். தேவை 40 ஆம்பியர்-மணி. ஈயப் பாட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 80 ஆம்பியர்-மணி வேண்டும். பாட்டரியின் மேல் எழுதியுள்ள அளவு பொதுவாக 20 மணி நேரம் மெதுவாகச் செலவிடும்போது கிடைப்பது. விரைந்து இழுத்தால் குறைவாகவே கிடைக்கும். எனவே 100 ஆம்பியர்-மணி பாட்டரியே தகுதி. அதன் எடை ஏறக்குறைய 30 கிலோ இருக்கும். படகின் பாரத்தில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சார்ஜ் செய்வதில் முதல் விதி: கரையேறிய அன்றே செய்க. நாட்கணக்கில் காலியாகக் கிடந்தால் தகடுகளின் மேல் ஈய சல்பேட்டு இறுகிவிடும்; பிறகு பாட்டரி பழைய பலத்தைப் பெறாது. 100 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 10 ஆம்பியர் சார்ஜர் போதும். கடைசிப் பகுதி மெதுவாகவே நிறையும். ஆதலால் இரவு முழுதும் விடலாம். நிறைந்ததும் தானே தணியும் சார்ஜரே நல்லது. கழற்றிச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும், சுமார் 12.1 எனில் பாதிதான் இருக்கிறது.

மூடியுள்ள பாட்டரிகளில், சார்ஜ் ஆனபின் காய்ச்சி வடித்த நீரைக் குறியளவு ஊற்றுக. கிணற்று நீரும் கூடாது, திராவகமும் கூடாது. சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். எனவே நூலும் பாவும் உள்ள தறிக்கூடத்திலோ அடுப்பங்கரையிலோ வைக்கலாகாது; காற்றோட்டமான திண்ணையே தக்க இடம். படகில் பாட்டரியைப் பெட்டியில் வைத்துக் கட்டி, நேர்முனையருகே பியூஸ் பொருத்துவது அவசியம்.

லித்தியம் பாட்டரி எடையில் பாதிக்கும் குறைவு. ஐந்தில் நான்கு பங்கு வரை செலவிடலாம். விலை அதிகம், அதற்குரிய சார்ஜரும் தனியே வேண்டும். கேரளத்தில் வைக்கம், தவணக்கடவு இடையே 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' என்னும் 75 பேர் செல்லும் சூரியசக்திப் படகு லித்தியம் பாட்டரியையே கொண்டது.

தறிமேல் எரியும் விளக்கின் பாட்டரிக்கும் இவ்விதிகளே பொருந்தும். உழைத்து ஓய்ந்த பாட்டரியை ஏரியோரம் எறியாது விற்பனையாளரிடமே திருப்பித் தருக. ஈயம் நீரில் கலந்தால் பயிருக்கும் மீனுக்கும் நமக்கும் கேடு. வோல்ட்மீட்டரும் நல்ல சார்ஜரும் ஒருவர் தனித்து வாங்குவதைவிடச் சங்கத்தின் பொதுப்பொருளாக வாங்கி வைத்தல் சிக்கனம். அங்கத்தினர்கள் இதை அடுத்த கூட்டத்தில் ஆலோசிப்பார்களாக!